விழா மாதத்தில் எதைப் படிப்பது?

விடுமுறை என்னும் சொல்லும் ஓய்வு என்னும் சொல்லும் ஒரே பொருளைத் தருவன என்று நம்மிற் பலர் எண்ணி வருகிறோம். அலுவலகம் மூடியிருக்கும் நாள் விடுமுறை நாள். நேரமும் மனமும் நம் வசம் இருக்கும் நாள் ஓய்வு நாள். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் ஏமாற்றங்களுள் நூல்களைப் பற்றியதும் ஒன்று. "விடுமுறையில் படித்துக்கொள்ளலாம்" என்று ஆண்டு முழுவதும் ஒதுக்கி வைத்த நூல்கள் அலமாரியில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. விடுமுறை மாதம் வருகிறது, போகிறது. நூல்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதற்குச் சோம்பலைக் குறை கூறுவது பொருந்தாது. நேரத்தைக் கணக்கிடாமல் நூல்களைத் தேர்ந்தெடுப்பதே இதற்குக் காரணம். அக்கணக்கை எவ்வாறு போடுவது, அதற்கேற்ப நூல்களை எவ்வாறு தெரிவு செய்வது என்பவற்றை இங்குக் காண்போம்.

தலைநகரில் வாழும் நமக்கு, நவராத்திரி தொடங்கித் தீபாவளி முடியும் வரை உள்ள காலமே ஆண்டின் பெரிய விழா மாதம். சென்ற 2025ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 22ஆம் நாள் நவராத்திரி தொடங்கிற்று. அக்டோபர் 1ஆம் நாள் சரஸ்வதி பூஜை, 2ஆம் நாள் விஜயதசமி, 20ஆம் நாள் தீபாவளி. தீபாவளிக்கு மறுநாளையும் சேர்த்தால் சரியாக 30 நாட்கள். காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாளில் வந்தமையால் அரசு அலுவலருக்கு ஒரு விடுமுறை குறைந்துபோன செய்தியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இந்த 30 நாட்களுக்குள் எத்தனை வேலைகள்! கொலு வைக்க வேண்டும். மாலைதோறும் சுண்டல் செய்ய வேண்டும். வெற்றிலை பாக்கு வாங்க வருவோரை வரவேற்க வேண்டும். அவர்கள் வீட்டுக் கொலுவிற்கும் போய்வர வேண்டும். குழந்தைகளை ராமலீலா பார்க்க அழைத்துச் செல்ல வேண்டும். வங்காள நண்பர் அழைத்தால் சித்தரஞ்சன் பூங்காவிற்குத் துர்க்கா பூஜை காணப் போகாமலிருக்க முடியாது. பின்னர்ப் புத்தாடை, பட்சணம், வீட்டைத் துடைத்து மெழுகுதல், விருந்தினர் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றுக்கிடையே ஊருக்கும் ஒருமுறை சென்று பெரியவர்களைப் பார்த்து வர வேண்டும். இத்தகைய மாதத்திற்கு ஐந்து பெரிய நூல்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது, ஐந்து பேருக்கு உலை வைத்துவிட்டு ஐம்பது பேரை உண்ண அழைப்பதற்கு ஒப்பாகும்.

கணக்கு மிக எளிது. முதலில், நாம் ஒரு பக்கத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, பழக்கமான நடையில் எழுதப்பட்ட நூலொன்றில் பத்துப் பக்கங்களை இயல்பாகப் படித்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். பக்கத்திற்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, மாதத்தின் நாட்களை வகைப்படுத்த வேண்டும். விஜயதசமி கழிந்ததும் ஊருக்குச் சென்று, தீபாவளி நெரிசலுக்கு முன்னரே திரும்பிவிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், நவராத்திரி நாட்கள் 10, தீபாவளியை ஒட்டிய நாட்கள் 4, ஆக விழா நாட்கள் 14. போகவர ரயிலில் கழிவன 4 நாட்கள். எஞ்சியவை 12 நாட்கள்.

விழா நாளில் 15 நிமிடம் கிடைத்தாலே பெரிது. 14 நாட்களுக்கும் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஆகிறது. அதாவது 105 பக்கங்கள். எஞ்சிய 12 நாட்களில் நாளொன்றுக்கு 40 நிமிடம் எனக் கொண்டால் 8 மணி நேரம், 240 பக்கங்கள். ரயில் பயணத்தின் கணக்கோ வேறு. புது தில்லியிலிருந்து சென்னை சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறக்குறைய 33 மணி நேரப் பயணம். இரண்டு இரவும் இடையே ஒரு முழுப் பகலும். உறக்கம், உணவு, குழந்தைகள், எதிர் இருக்கைக்காரருடன் உரையாடல் ஆகியவை போக ஒரு வழிக்கு 6 மணி நேரம் படிக்கலாம். இரு வழிக்கும் 12 மணி நேரம், 360 பக்கங்கள். ஆக மொத்தம் 705 பக்கங்கள். எதிர்பாராத தடைகளுக்காக இதில் காற்பங்கைக் கழித்துவிடுவது விவேகம். எஞ்சுவது ஏறக்குறைய 530 பக்கங்கள்.

நேயர்கள் தத்தம் வீட்டு நிலைமைக்கேற்ப இந்த எண்களை மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் யாவருக்கும் புலனாகும். முதலாவது, விழா மாதத்தில் நம்மால் படிக்கக்கூடியது நாம் எண்ணுவதை விடக் குறைவு. எனினும் ஒன்றுமே இல்லை என்று கைவிடத்தக்க அளவுக்குக் குறைவும் அன்று. இரண்டாவது, அந்த நேரம் ஒரே வகையானது அன்று. ரயிலில் கிடைக்கும் ஆறு மணி நேரமும், சுண்டல் விநியோகம் முடிந்து களைத்து அமரும் இரவில் கிடைக்கும் கால் மணி நேரமும் ஒரே நூலுக்குப் பொருந்தமாட்டா. ஆகவே, "எந்த நூல் சிறந்தது?" என்று கேட்பதற்கு முன், "எந்த நேரத்திற்கு எந்த நூல்?" என்று கேட்க வேண்டும்.

முதலில் விழா நாட்களின் கால் மணி நேரத்தை நோக்குவோம். இதற்குத் தன்னளவில் முடிந்துவிடும் சிறு பகுதிகளைக் கொண்ட நூல் வேண்டும். நேற்று எங்கே விட்டோம் என்று தேடவேண்டிய நிலை இருத்தலாகாது. திருக்குறளின் 133 அதிகாரங்களும் பத்துப் பத்துக் குறட்பாக்களாக அமைந்தவை. எளிய தெளிவுரை ஒன்றுடன் ஓர் அதிகாரத்தைப் படிக்கக் கால் மணி நேரம் போதும். செய்யுளில் மனம் செல்லாதவர்கள் சிறுகதைத் தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கு. ப. ராஜகோபாலன், புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி போன்றோரின் சிறுகதைகளில் பல, ஓர் இரவில் ஒன்றாகப் படித்து மறுநாள் முழுதும் நினைத்துக்கொண்டிருக்கத் தக்கவை. இவ்வகை நூலை முதலிலிருந்து இறுதி வரை படித்துத் தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அடுத்து, நாளொன்றுக்கு 40 நிமிடம் கிடைக்கும் சாதாரண நாட்கள். இவற்றுக்கு, அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர்ந்து செல்லும் நூல் ஏற்றது. பத்திரிகையில் வாரந்தோறும் வெளிவந்து பின்னர் நூலானவை இதற்கு மிகவும் பொருந்தும். ஏனெனில், விட்டுவிட்டுப் படிப்பவருக்கென்றே அவை எழுதப்பட்டன. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் இவ்வாறு வெளிவந்தது, 1950இல் நூலாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் கொண்ட அந்நூலை ஒரு மாதத்தில் முடிக்க இயலாது. முடிக்கவேண்டும் என்பதும் இல்லை. நாளுக்கு இரண்டு அத்தியாயம் வீதம் 12 நாட்களில் 24 அத்தியாயங்கள் படித்தால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கத் துடிக்கும் அந்த இளைஞர் நம் வீட்டில் ஒருவராகிவிடுவார். மீதியை மாதம் முடிந்த பின்னரும் தொடரலாம். விழா மாதம் பெரிய நூலைத் தொடங்குவதற்கு உரிய காலம். முடிப்பதற்கு உரிய காலம் அன்று.

இந்தக் காரணத்தாலேயே கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை முழுமையாகப் படிப்பதென்று இம்மாதத்தில் சபதம் செய்யவேண்டா. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்நூல் ஐந்து பாகங்களைக் கொண்டது. பதிப்புக்குப் பதிப்பு வேறுபடினும் இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டும். நம் கணக்கில் இருப்பவையோ 530 பக்கங்கள். ஆசை இருப்பின் முதற்பாகத்தோடு நிறுத்திக்கொள்ளும் உறுதியும் வேண்டும். அந்த உறுதி எளிதன்று என்பதை அந்நூலைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ரயில் பயணத்திற்கு, இடையூறின்றி ஒரே மூச்சில் ஆழ்ந்து படிக்கத்தக்க நடுத்தர அளவுள்ள நாவல் ஒன்று வேண்டும். இவ்விடத்தில் வேற்று மாநில மொழியிலிருந்து தமிழாக்கப்பட்ட நூலொன்றைத் தெரிவு செய்யுமாறு கூற விரும்புகிறோம். மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால் வந்த பாசம் என்று நேயர்கள் இதைக் கருதினாலும் குற்றமில்லை. ஆனால், வேறு காரணமும் உண்டு. தில்லியிலிருந்து தெற்கே செல்லும் வண்டியில் ஒரே பெட்டிக்குள் இந்தி, மராத்தி, தெலுங்கு, தமிழ் எனப் பல மொழிகள் நம் காதில் விழுகின்றன. அம்மொழி பேசுவோரின் வீடுகளுக்குள் நடப்பதை அறியும் வழி நூல்களேயன்றி வேறில்லை. 1954இல் தோன்றிய சாகித்திய அகாதெமியும், 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும் ஒரு மொழியின் நூல்களைப் பிற மொழிகளில் தருவதைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டவை. தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவலாகிய 'செம்மீன்' 1956இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே அகாதெமியின் பரிசைப் பெற்றது. அதைத் தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. வங்க மொழியில் தாராசங்கர் பந்த்யோபாத்யாயர் எழுதிய 'ஆரோக்கிய நிகேதனம்', த. நா. குமாரசுவாமியின் தமிழில் கிடைக்கும். நாடி பார்த்து மரணத்தை முன்னறியும் ஒரு கிராம வைத்தியரின் கதை அது. இவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்தால் இரு வழிப் பயணத்திற்கும் போதும். பயணத்தில் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆக, ஒரு சிறுபகுதி நூல், ஒரு தொடர் நூல், ஒரு பயண நூல் என மூன்றே நூல்கள். பட்டியல் இத்துடன் முடிந்தது. நான்காவதாக ஒன்றைச் சேர்க்க விரும்பினால், மூன்றில் ஒன்றை நீக்கிவிட்டே சேர்க்க வேண்டும். தீபாவளி மலர்கள் வேறு வந்து சேருமே என்று சிலர் கேட்கலாம். வங்காளத்தில் பூஜைக் காலத்துச் சிறப்பிதழ்களும் இவ்வாறே வந்து குவிகின்றன. இவற்றையும் நேரக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். கால் மணி நேரப் பகுதியில் சிறுகதைத் தொகுதிக்குப் பதிலாக மலரை வைத்துக்கொள்ளலாம்.

நூல்களை எங்கிருந்து பெறுவது, எப்பொழுது பெறுவது என்பவையும் திட்டத்தின் பகுதியே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்பவரின் காலத்தைக் காக்கவேண்டும் என்பதாகும். நூலகருக்கென விதிக்கப்பட்ட இக்கடமையைப் படிப்போரும் மேற்கொள்ளலாம். விழா நாட்களில் நூலகங்களும் மூடப்படும். ஆகவே, விடுமுறை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னரே தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலோ, தம் பகுதியிலுள்ள வேறு நூலகத்திலோ நூல்களைப் பெற்றுக்கொண்டு, திருப்பித் தரவேண்டிய நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம். வீட்டில் உள்ள நூல்களைப் பொறுத்தவரை, நம் மரபே ஒரு நாளைக் கொடுத்திருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று நூல்களை அடுக்கி வைத்து வணங்குகிறோம், அன்று படிப்பதில்லை. அலமாரியைத் திறந்து, தூசி தட்டி, மறந்துபோன நூல்களையெல்லாம் கண்ணுறும் நாள் அது. மறுநாள் விஜயதசமியில் எதை முதலில் எடுத்துப் படிப்பது என்று வீட்டார் அனைவரும் கூடிப் பேசுவதற்கு அதனினும் ஏற்ற நாள் வேறில்லை.

வீட்டார் அனைவரும் என்று கூறினோம். இதுகாறும் போட்ட கணக்கில் ஒரு பெருங்குறை உண்டு; அது வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொருந்துவதில்லை. அலுவலகம் செல்லும் ஆண்மகனுக்கு விடுமுறையென்றால் வேலை குறைகிறது. வீட்டை நடத்தும் பெண்ணுக்கோ, அவர் அலுவலகம் செல்பவராயினும், விடுமுறையென்றால் வேலை பெருகுகிறது. சுண்டலும் பட்சணமும் தாமே வெந்து இறங்குவதில்லை. மற்றவர்களின் 15 நிமிடமும் 40 நிமிடமும் பெரும்பாலும் அவருடைய உழைப்பால் கிடைப்பவை. கணவர் முன்னறையில் 'என் சரித்திர'த்தில் ஆழ்ந்திருக்க, மனைவி முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பது ஒருவருக்கான திட்டமேயன்றிக் குடும்பத்திற்கான திட்டம் ஆகாது. திருமணத்திற்கு முன் நூலகத்து நாவல்களையெல்லாம் படித்து முடித்த பெண்கள், பத்தாண்டு கழித்து, "இப்பொழுதெல்லாம் படிக்க எங்கே நேரம்?" என்று கூறுவதை நாம் எல்லா வீடுகளிலும் கேட்கிறோம். அது சலிப்பில் பிறக்கும் பேச்சென்று கொள்ளலாகாது. ஒரு கணக்கின் விடை அது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பழைய வழி. பத்திரிகை வந்ததும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் தத்தம் வேலையைச் செய்துகொண்டே கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. பட்சணம் செய்யும் மாலைகளில் வீட்டில் ஒருவர் அடுக்களை வாயிலில் அமர்ந்து சிறுகதை ஒன்றை உரக்கப் படிக்கலாம். எதைப் படிப்பது என்பதைக் கேட்பவரே முடிவு செய்யட்டும். ஆயினும் இது முழுமையான பரிகாரம் ஆகாது. கேட்பது இன்பம், தாமே நூலைக் கையில் எடுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, மீண்டும் முன்பக்கம் திருப்பிப் படிப்பது வேறோர் இன்பம். ஆகவே இரண்டாவது வழி இன்றியமையாதது. திட்டம் வகுக்கும்போதே, இல்லத்தலைவிக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் முதலில் ஒதுக்கப்பட வேண்டும். அந்நேரத்தின் வேலையை இன்னார் செய்வது என்பதும் அப்பொழுதே பெயர் குறித்து முடிவாக வேண்டும். காய் நறுக்குவதும், பாத்திரம் துலக்குவதும், வந்தவருக்குக் காப்பி கலப்பதும் ஆண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இயலாத கலைகள் அல்ல. யார் செய்வது என்று குறிக்காமல், "நீயும் படியேன்" என்று சொல்வதனால் ஒரு பக்கமும் திரும்பாது.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். தலைநகரில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் வந்துவிடுகின்றன. தமிழைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் பலர். பாட்டியின் பேச்சு விளங்குகிறது. பாட்டியின் கடிதம் விளங்குவதில்லை. விழா மாதத்தில் நாளுக்குப் பத்து நிமிடம் இவர்களுடன் அமர்ந்து படித்தால் பயன் மிகுதி. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே கதை, அதே படங்களுடன் பல மொழிகளில் வெளிவருகிறது. இந்திப் பதிப்பையும் தமிழ்ப் பதிப்பையும் அருகருகே வைத்தால், ஒன்றில் படித்தறிந்த கதையை மற்றொன்றில் குழந்தை தானே எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். ஊரில் பாட்டியிடம் அதைப் படித்துக் காட்டச் சொன்னால், பயணத்திற்கே ஒரு பயன் கூடும்.

இறுதியாக, திட்டம் தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்னரே தீர்மானித்துக்கொள்ளலாம். நூல் ஒன்று 40 பக்கங்கள் படித்த பின்னும் மனத்தைப் பற்றவில்லையெனில் அதை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பதில் தவறில்லை. அந்நூலுக்கு உரிய காலம் வேறொன்றாக இருக்கலாம். விருந்தினர் வந்து நான்கு நாள் படிப்பு நின்றுபோனால், அந்த நான்கு நாளுக்கும் சேர்த்து ஐந்தாம் நாள் படிக்க முயலவேண்டா. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். படித்து முடித்த நூல்களின் எண்ணிக்கையைப் பிறரிடம் கூறும் ஆசையையும் விட்டுவிட வேண்டும்.

மாத இறுதியில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. தொடங்கிய நூலைத் தொடர்ந்து படிக்கும் ஆவல் இன்னும் இருக்கிறதா? வீட்டில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நூலையாவது கையில் எடுத்தார்களா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை கூற முடியுமாயின், படித்தவை 530 பக்கங்களாயினும் 200 பக்கங்களாயினும் திட்டம் நிறைவேறியதாகவே கொள்ளலாம். இரண்டாம் கேள்விக்கு விடை கூறும்போது, அடுக்களையிலிருந்து வரும் விடையையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.